தேங்காய் எழுந்து நின்ற இடங்கள்

மார்ச் 3, ஞாயிறு

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து முகம் கழுவுவதற்குள் மாப்பிள்ளை தெய்வசிகாமணி வந்து நின்றார். வண்டியை நிறுத்தின விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவர்கள் கிணறு போன ஆடியிலேயே வற்றியாயிற்று. இருந்த ஒரு போரும் இப்போது வெறும் காற்றை இறைக்கிறது. தென்னை அத்தனையும் மட்டையைத் தொங்கப் போட்டுவிட்டதாம். டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்க்கிறார்கள். மரத்துக்கு அது வாய் நனைக்கவும் காணாது.

இன்னும் ஒரே ஒரு போர் போட வழி வைத்திருக்கிறார். அதில் தண்ணீர் வந்தால் தோப்பு பிழைக்கும். வராவிட்டால் மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் நீரோட்டம் பார்த்து இடம் சொல்ல வேண்டுமாம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் தண்ணீர் பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. சொந்த நிலத்தில், சொந்தக் காட்டில் பார்க்கக் கூடாது. பார்த்தால் பலிக்காது, கையும் போய்விடும் என்பார்கள். எங்கள் காட்டுப் போருக்கே தாராபுரத்திலிருந்து ஆள் கூட்டிவந்துதான் இடம் குறித்தேன். இதைச் சொன்னதும் அடுப்படியிலிருந்து பாவாத்தாள் வந்துவிட்டாள்.

"கட்டிக் குடுத்த புள்ளையோட காடு எப்பிடிங்க நம்ம காடாகும்? அது அவங்க காடு. பாக்கறதுக்கென்ன?"

கல்யாணமான நாளிலிருந்து என் தொழிலில் இவள் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் இப்படி, பதில் சொல்ல வழியில்லாமல் திறக்கிறாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன்.

இந்த வருஷத்து டைரி சொசைட்டியில் இனாமாகக் கொடுத்தது. தாளும் மட்டம், பேனாவும் மட்டம். என் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி சிறுத்துக்கொண்டே போகிறதென்று பாவாத்தாள் கேலி பேசுகிறாள். வேறு பேனா வாங்க வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

பருத்திக்கொட்டை ஒரு மூட்டை. புதுப் பேனா ஒன்று. இதுவும் சரியில்லை.

மார்ச் 7, வியாழன்

கரட்டுவலசில் ஒரு காடு பார்த்துவிட்டு வந்தேன். இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

முன்பெல்லாம் குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பாதம் கொப்பளிக்க நடப்பேன். காடு முழுக்கச் சுற்றின பிறகு எங்கோ ஓர் இடத்தில் தேங்காய் மெல்லத் தலை தூக்கும், யோசிக்கும், பிறகுதான் எழுந்து நிற்கும். கீழே ஊற்று ஓடுகிற இடம் அது. போன வருஷத்திலிருந்து அப்படியில்லை. கையில் வைத்து நாலெட்டு போவதற்குள் எழுந்துவிடுகிறது. இன்றைக்கு எழுந்ததோடு நிற்கவில்லை, கையிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது. வயசாக வயசாக அருள் கூடுகிறது என்று ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

டீ கொடுத்தார்கள். உட்கார்ந்த பெஞ்சு ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்ததால் பாதி வேட்டியில் போய்விட்டது. பாவாத்தாளும் இப்போதெல்லாம் எனக்கு அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். கேட்டால், சூடு ஆறாமல் இருக்கும், வேண்டுமானால் மறுபடி ஊற்றுகிறேன் என்கிறாள். கஞ்சத்தனத்துக்கு என்னவெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறாள் பாருங்கள்.

மார்ச் 9, சனி

டெய்லருக்குப் பொத்தான் துளை வெட்டக்கூடத் தெரியவில்லை. ஒரு சட்டை போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும் போலிருக்கிறது. பாவாத்தாள் வந்து போட்டுவிட்டாள். நான் கூப்பிடவில்லை.

மார்ச் 11, திங்கள்

கலா வீட்டுக்குப் போய் வந்தேன். நித்யகலா என்று பேர் வைத்தது நான்தான் என்றாலும் எனக்கு என்றும் கலாதான்.

முதலில் தோப்பைச் சுற்றிப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணமான வருஷம் வைத்த கன்றுகள். இப்போதுதான் நல்ல காய்ப்பு. குரும்பையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. நடந்தால் காலில் நெருநெருவென்று மிதிபடுகிறது.

எனக்கு முன்னால் கலா ஒரு வேலை செய்திருக்கிறாள். மீட்டர் வைத்து நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற பெண் ஒருத்தியை வரவழைத்து, அவள் நாலு கம்பி நட்டு, ஒயர் இழுத்து, பூமிக்கு ஈசிஜி எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடியில் முழுப்பாறை, வடக்கு மூலையில் ஏதாவது கசிவு இருந்தால் உண்டு, அதையும் நம்பிப் போர் போட வேண்டாம் என்றாளாம். இதைச் சொல்வதற்கு ஒயர் எதற்கு என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார். கலா சிரிக்கவில்லை.

தேங்காயைக் கையில் எடுத்தேன். கிணற்றடியில் எழுந்தது. வரப்போரம் போனேன், எழுந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலும் எழுந்தது. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பக்கம் போனால் அங்கேயும் நிற்கிறது. இந்தக் காட்டுக்கடியில் ஆறே ஓடுகிறது போலிருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை இடத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை. கொட்டகைப் பக்கம்தான் துள்ளல் அதிகமாக இருந்தது. அங்கேயே கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

கலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தேங்காயைக் கீழ வச்சுட்டுக் கையை மட்டும் நீட்டுங்க, பாக்கலாம்."

நான் என்ன பிரம்படி வாங்க வந்த பள்ளிக்கூடத்துப் பையனா? கையை உதறிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. கொள்ளுப் பருப்பை அவள் அம்மாவைவிட இவள் நன்றாகக் கடைகிறாள்.

மார்ச் 16, சனி

கலா போன் செய்தாள். போர் போடுவதைத் தள்ளி வைக்கலாமாம். அதற்கு முன் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். போருக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியுமுங்கப்பா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் கையால் தண்ணீர் குடிக்கிற காடு எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? நம் வீட்டு வாசல் கொக்கியைப் பார்த்து வளர்ந்தவள்தானே அவள்? தண்ணீர் வந்த வீட்டார் முதல் காய்ப்பில் ஒரு தென்னங்குலையோ வாழைத்தாரோ கொண்டுவந்து அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். அது காலியாக இருந்த மாதம் குறைவு. உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவரிடம் பேசிப் பார்த்தாளாம். மாமாவைப் பற்றி இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது என்று அவர் சத்தம் போட்டாராம். அவர் நான் பெற்ற பிள்ளை மாதிரி.

சத்தமாகவே பேசி வைத்துவிட்டேன். பாவாத்தாள் அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறாள்.

மார்ச் 21, வியாழன்

காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை காட்டுக்குப் போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்துவிட்டது. தேங்காய் பழம் வைத்து, எலுமிச்சை நறுக்கி, நான்தான் கற்பூரம் ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு மூன்று அணைந்துவிட்டது. காற்று.

முதலில் செம்மண் வந்தது, அப்புறம் சுண்ணாம்புக்கல், அப்புறம் பாறை. பாறை வந்தால் புகைதான். வெள்ளைப் புகை எழுந்து தோப்பு முழுக்கப் படிந்தது. மரம், மாடு, மாப்பிள்ளையின் மீசை எல்லாம் ஒரே நிறம். மத்தியானத்துக்கு முன்னால் ஓரிடத்தில் புகை நின்று ஈர மண் வந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் அதை அள்ளி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கையில் பிசைந்து பார்த்தேன். ஈரம்தான். பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட வந்து கூடிவிட்டார்கள். துளைபோடும் அடுத்த ராடு இறங்கினதும் மறுபடி புகை.

பேசின ஆழத்துக்கு மேலேயும் போயாயிற்று. ஒவ்வொரு ராடு முடியும்போதும் மாப்பிள்ளை வண்டிக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான், "இன்னொரு ராடு எறக்குங்க" என்றேன். அப்புறமும் அதையே சொன்னேன். அதற்கப்புறமும். கடைசியில் வண்டிக்காரரே என்ஜினை நிறுத்திவிட்டு, இதற்கு மேல் போனால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று மெல்லச் சொன்னார். அந்தச் சத்தம் நின்ற பிறகு காது அடைத்துக்கொண்டது.

கலா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். மற்றவர்களுக்கு நிறைய ஊற்றினாள். எனக்கு அரை டம்ளர்.

மார்ச் 22, வெள்ளி

பால் ஊற்றினேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். இடிந்து போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, தெளிவாக இருந்தார். ஊரில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைச் சொன்னார். மகள் காடும் சொந்தக் காடுதானாம். கட்டை மீறிப் பார்த்ததால்தான் பலிக்கவில்லையாம்.

"தப்பு எம்மேலதானுங்க மாமா. நீங்க மொதல்லயே வேண்டாம்னீங்க. நாந்தான் வற்புறுத்திக் கூப்புட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாவாத்தாள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உடனே போய் அவருக்கு வடை போட்டுக் கொண்டுவந்தாள். அவள் சொல்லித்தான் நான் பார்க்கப் போனேன் என்பதை அவளும் மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் போன் செய்து தன் காட்டுக்கு இடம் பார்க்கக் கூப்பிட்டார். மகள் காட்டு விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. அதெல்லாம் கட்டு மீறினால் அப்படித்தான் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது. அதை எழுதுவதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, திங்கள்

வெள்ளகோவில் காட்டுக்குக் கிளம்பினவன் போய்ச் சேரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் உள்ள காடெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், பாதிக்கு மேல் நான் இடம் குறித்தவை. ஓரிடத்தில் தரையிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த போர்க் குழாயின் வாயில் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். குழந்தைகள் விழாமலிருக்க, தண்ணீர் வராத போரை அப்படித்தான் மூடுவார்கள். அது வேறு யாராவது குறித்ததாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த காட்டிலும் ஒரு கல் இருந்தது. அதற்கடுத்தது நான் குறித்த காடு, அங்கேயும் கல்லைப் பார்த்ததும் ஸ்டாப் வரும் முன்பே எழுந்து இறங்கிவிட்டேன்.

அந்தக் காட்டு அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் பார்த்த இடத்தில் எத்தனை அடியில் வந்தது என்று கேட்டேன். அவர் ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"வந்திருந்தா தென்னங்கொலை கொண்டாந்து குடுத்திருக்க மாட்டமுங்களா?"

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன்.

"எதுக்குங்க சொல்றது. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. எங்க நேரம் சரியில்லீங்க."

மோரைக் குடித்து முடித்தேன். தண்ணீர் வந்தவர்கள் வாசலுக்கு வருகிறார்கள். வராதவர்கள் தங்கள் தலையெழுத்து என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் நான் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் சாலையின் மறுபக்கம் தெரிகிற ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கேயும் காடுகள் இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கலாவுக்குப் போன் போட்டு, டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 8, திங்கள்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. லிப்டில் போனோம். டாக்டர் சின்ன வயசு, ரொம்ப மரியாதை. நடக்கச் சொன்னார், நடந்தேன். பேரை எழுதச் சொன்னார், எழுதினேன். எவ்வளவு சின்னதாக எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். என்ன தொழில் என்று கேட்டார். கலா முந்திக்கொண்டு விவசாயம் என்றாள்.

அப்புறம் உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைக்கச் சொன்னார். பழக்கம் விடுமா? தேங்காய்க்கு வைக்கிற மாதிரியே விரல்களைச் சேர்த்துக் குழித்து வைத்தேன். கை ஆடியது. கொட்டகைப் பக்கத்தில் எப்படி ஆடியதோ அதே ஆட்டம். கீழே மூன்று மாடிக்கும் சிமென்டும் கம்பியும்தான். கையில் தேங்காயும் இல்லை.

நடுக்குவாதம் என்றார். ஒன்றிரண்டு வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். மாத்திரை போட்டால் ஆட்டம் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது, வர வர அதிகமாகும் என்றார். எல்லாவற்றையும் கலா கேட்டுக்கொண்டாள். நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உதறவில்லை. "அன்னிக்கே தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். அப்புறம் ஏன் போரை நிறுத்தவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் நிறுத்தத்தானே பார்த்தாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். இட்டேரியில் நுழையும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. தெற்குப் பாதித் தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் சூளைக்குப் போகிறதாம்.

மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். அந்தப் பணத்தில் இன்னொரு போர். ஒட்டன்சத்திரத்திலிருந்து வேறு ஆள் வருகிறார். சொந்தக்காரர் கையில் பலிக்காதது வெளியாள் கையில் பலிக்குமல்லவா? மீதிப் பாதித் தோப்பையாவது காப்பாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை உற்சாகமாகச் சொன்னார். நான் நிழலுக்காக ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிழல் இல்லை.

சொன்னேன். "மாப்பிள்ளை, கட்டும் இல்ல, கிட்டும் இல்ல. எனக்குக் கை நடுக்கம். தேங்காய் எழுந்தது அதனாலதான். டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு போர் போடாதீங்க" என்றேன். கையை நீட்டியும் காட்டினேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கட்டை மீறுனா கை போயிரும்னு நீங்கதானுங்க மாமா சொன்னீங்க. எங்களுக்குப் பாக்கப் போயித்தானே உங்க கைக்கு இப்படி ஆச்சு."

போர் போட்டது போன மாதம், நடுக்கம் வந்தது போன வருஷம் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. கலா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை தடவை இதையே சொல்லி அலுத்திருக்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு அவர் வந்து தப்பு என்மேல் என்றபோது நான் ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அன்றைக்குத் தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ரசம். மாத்திரை மூன்று வேளை.

ஏப்ரல் 22, திங்கள்

ஒட்டன்சத்திரத்து ஆள் இடம் பார்த்தபோது போயிருந்தேன். முப்பத்தைந்து வயசிருக்கும், நல்ல மனுஷன். என் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாராம், கும்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் செய்த மாதிரி ஆடாத கை. அப்படியும் கிழக்கு வேலியோரம் தேங்காய் மெல்லத் தலை தூக்கியது, யோசித்தது, எழுந்து நின்றது.

எப்படி என்று எனக்குத் தெரியாது. என் கை ஆடாத வருஷங்களிலும் அப்படித்தான் எழுந்தது. அதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? ஒரு நிமிஷம் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 25, வியாழன்

புகை.

மே 5, ஞாயிறு

மாப்பிள்ளை திருப்பூரில் சேர்ந்துவிட்டார். மீதித் தோப்பையும் நேற்று வெட்டியாயிற்று. அந்தக் காட்டில் இனி இரண்டு கல்தான் இருக்கிறது, இரண்டும் குழாய் வாயில்.

காலையில் நான் பால் ஊற்றப் போயிருந்தபோது அந்த வழியாக வந்த மினி லாரியில் கலா ஒரு குலை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கடைசி மரத்தில் இருந்ததாம், அப்பாவுக்கு இளநீர் ஆகும் என்று சொன்னாளாம். லாரிக்காரப் பையன் இறக்கி, எங்கே வைப்பதென்று கேட்காமல் வாசல் கொக்கியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். குலை வந்தால் அங்கேதான் மாட்டுவார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

பத்து மணிக்கு முத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நின்று குலையை அண்ணாந்து பார்த்தார்கள். "மக காட்டுல தண்ணி வந்துருச்சுங்களாட்ட" என்று ஒருவர் சிரித்தார். அவர் கையிலிருந்த பையில் குடுமியோடு உரித்த தேங்காய் இருந்தது. இல்லை, வரவில்லை, நான் இப்போது பார்ப்பதில்லை, எனக்குக் கை நடுக்கம் என்று சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய கையென்றால் முதலில் இப்படித்தான் பிகு செய்யும் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வாரம் வண்டி கொண்டுவருகிறோம் என்று சொல்லித் தேங்காயை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். பையன் நன்றாக இறுக்கிக் கட்டியிருக்கிறான். ஒரு முடிச்சுதான். விரல் அதன்மேல் போய்ப் போய் நழுவியது. அண்ணாந்தே நின்றதில் கழுத்து வலித்தது. பாவாத்தாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, போதும், இறங்குங்கள் என்றாள். அவளுக்குக் கொக்கி எட்டாது.

இறங்கிவிட்டேன். குலை அங்கேயேதான் தொங்குகிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.